பழைய சோற்றில் ஊற்றும் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் நலவாழ்வுப் பக்கத்தில், தினமும் பழைய சோறும் தயிரும் சாப்பிட்டால் குடலின் நல்ல பாக்டீரியாக்கள் பெருகும், நோய் எதிர்ப்பாற்றல் அவரவர் கையில்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வாலாஜாபேட்டை அருகே பழைய சோறு சாப்பிட்டே வளர்ந்த எனக்கு, அந்தச் சோற்றில் ஊற்றும் தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் உறுத்துகிறது.

மழைக்காலத்தில் எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வெளிர் மஞ்சளாக வரும். எவர்சில்வர் சொம்பில் தெரியாது. வெள்ளைப் பீங்கான் கோப்பையில் ஊற்றினால் தெரியும். நாங்கள் கேன் தண்ணீருக்கு மாறிவிட்டோம். தயிருக்குப் பால் தரும் எருமைக்கும் கேன் வாங்க வேண்டும் என்று உங்கள் கட்டுரையாளர் சொன்னால் யோசிக்கிறோம். ஓயாத வயிற்றுப்போக்கோடு போன என் மனைவியிடம் மருத்துவர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாரே தவிர, என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்கவில்லை; பாக்டீரியாவைக் கொல்ல ஒரு மாத்திரையும் வளர்க்க ஒரு பொடியும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

உங்களுக்குத் தெரியாததல்ல. உடலின் எதிர்ப்பணுக்களில் பெரும்பகுதி குடலைச் சார்ந்தே இருக்கிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைச் சிதைத்து உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம்தான் குடற்சுவருக்கு உணவாகி, எதிர்ப்பணுக்கள் வரம்பு மீறாமலும் காக்கிறது. ஆர்சனிக், காட்மியம், குரோமியம் போன்ற நச்சுத் தனிமங்கள் இந்தப் பாக்டீரியாக் கூட்டத்தையே மாற்றிவிடுவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். தாண்டிய தண்ணீரைக் குடிப்பவனிடம் எதிர்ப்பாற்றல் உன் கையில் இருக்கிறது என்பது எந்த ஊர் நியாயம்?

குரோமிய உப்பால் தோல் பதனிடும் பாலாற்றங்கரைத் தொழிற்சாலைகள் குறித்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அதன்பின் நீங்கள் வெளியிட்ட பாலாறு சிறப்பிதழ்களில் நுரை பொங்கும் வண்ணப் படங்கள் வந்தன. கிணறுகளைப் பற்றி நான் எழுதிய கடிதத்தில் முதல் பத்தி மட்டும் வந்தது, அதுவும் உங்களைப் பாராட்டியிருந்த பத்தி.

நான் கேட்பது சிறிய உதவிதான். குடிநீரில் குரோமியத்தைச் சோதித்துத் தரும் அரசு ஆய்வகம் எங்கள் மாவட்டத்துக்கு எது, தண்ணீரை எப்படிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டும், கட்டணம் எவ்வளவு என்பதை நலவாழ்வுப் பக்கத்தில் வெளியிடுங்கள். இடமில்லை என்றால், அதே பக்கத்தில் வரும் புரோபயாட்டிக் என்னும் நல்ல பாக்டீரியாப் பொடியின் விளம்பரத்தைச் சற்றுச் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாலாஜாபேட்டை வாசகர்