பிஸ்கட் டின்னுக்குள் கைப்பேசி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் ஞாயிறு காலை எந்த ஒட்டுக்கடைக்குப் போனாலும் பார்க்கலாம். மைலோ கோப்பையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்திருப்பார்கள். அம்மா ரொட்டிச் சானாயைப் பிய்த்து ஊட்ட, பிள்ளை திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே வாயைத் திறக்கும். குறை சொல்லவில்லை, என் பேரனுக்கும் நாங்கள் அப்படித்தான் ஊட்டினோம். 2 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இலேயே சொல்லிவிட்டது. எங்கள் வீட்டில் அப்போது அந்த 1 மணி நேரம் காலைப் பசியாறலோடு தீர்ந்துவிடும்.

இப்போது இரவு 8 மணியானால் எல்லாக் கைப்பேசிகளும் பழைய பிஸ்கட் டின்னுக்குள் போகின்றன, என்னுடையதும் சேர்த்து. முதல் வாரம் அதிகம் தவித்தது பேரன் இல்லை, அவன் அப்பாதான்! இரண்டாம் ஆண்டு படிக்கும் பேரன்தான் இப்போது, "மணி எட்டாச்சு தாத்தா" என்று டின்னை நீட்டுகிறான்.

சரி, கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டுப் பிள்ளைகளை எங்கே விளையாடச் சொல்வது? எங்கள் தோட்டத்துத் திடலில் லாலான் புல் இடுப்பளவு நிற்கிறது. கோல் கம்பம் ஒரு பக்கம்தான் மிச்சம். பொறுப்பில் உள்ளவர்கள் புல்லை வெட்டி ஒரு விளக்கும் போட்டுக் கொடுத்தால், பந்தை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தோட்டத்துத் தாத்தா ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்