ரோம்ல சின்னக் கோவில்களையும் பாக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த ரோம் பயணக் கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா வாடிகன், கொலோசியம், ட்ரெவி ஊத்துன்னு அதோட முடிச்சிட்டீங்களேன்னு மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

எங்களுக்குத் தூத்துக்குடி, பனிமய மாதா கோவில் பங்கு. யாத்திரை டூர்ல போனப்போ எங்க எல்லாருக்கும் சாந்தா மரியா மஜோரே பேராலயத்தப் பாக்கணும்னுதான் ஆசை, ஏன்னா பனிமய மாதாங்கிற பேருக்கே மூலம் அந்தக் கோவில்தான், ஆகஸ்ட் 5 நம்ம ஊர்ல திருவிழா நடக்குற அதே நாள்ல அங்க கோடை வெயில்லயே பனி பெஞ்சதா சொல்ற அற்புதத்த நெனச்சு மேல இருந்து வெள்ளப் பூவிதழ் தூவுவாங்க. டூர்க்காரங்க அதுக்கு முக்கா மணி நேரம்தான் குடுத்தாங்க. மறுநாள் ஷாப்பிங்குக்குன்னு காலைலேர்ந்து மதியம் வர விட்டாங்க, நானும் எங்க அக்காவும் கடைக்குப் போகாம திரும்ப அங்கயே போயிட்டோம்.

அதுக்குப் பக்கத்துலயே ஒரு சின்ன சந்துல சாந்தா பிரசேதேன்னு ஒரு கோவில் இருக்கு. வெளிய பாத்தா கோவில்னே தெரியாது. உள்ள ஓரமா ஒரு குட்டி சேப்பல், ஒரே இருட்டு, அக்கா பெட்டியில காசு போட்டதும் லைட் எரிஞ்சுது பாருங்க, சுவரு, வளைவு, கூரை எல்லாம் தங்க மொசைக், நாலு சம்மனசு, அதாவது தேவதூதருங்க, கையத் தூக்கி நடுவுல இயேசுவத் தாங்குறாங்க. 9ஆம் நூற்றாண்டுல முதலாம் பாஸ்கல் பாப்பரசர் அவங்க அம்மா தெயோதோராவுக்காகக் கட்டுனது. மொசைக்ல இருக்குற அந்த அம்மா படத்துல தலைக்குப் பின்னாடி ஒளிவட்டம் சதுரமா இருக்கு, உயிரோட இருக்கறவங்களுக்கு அப்படித்தான் போடுவாங்களாம். கொஞ்ச நேரத்துல லைட் அணைஞ்சிருச்சு, அக்கா பேசாம இன்னொரு காசு எடுத்தாங்க.

அங்கருந்து நடந்து சான் கிளமெந்தே. மேல 12ஆம் நூற்றாண்டுக் கோவில், படியிறங்குனா 4ஆம் நூற்றாண்டுக் கோவில், அதுக்கும் கீழ பழைய ரோமானியக் கட்டடமும் மித்ராஸ் சாமி கும்பிட்ட அறையும். கீழ போகப் போக ஈர வாடை, சுவருக்குப் பின்னாடி சலசலன்னு தண்ணி ஓடுற சத்தம். 1857ல ஒரு அயர்லாந்து சாமியார் தோண்ட ஆரம்பிச்சுதான் இதெல்லாம் வெளிய வந்துச்சு. நடு மாடி ஓவியம் ஒண்ணுல எசமான் வேலக்காரங்கள கெட்ட வார்த்தையில திட்டி 'இழுங்கடா'ன்னு சொல்றது, ஜனங்க பேசுற பாஷையிலயே எழுதியிருக்கு. கோவில்னா லத்தீன்தான்னு இருந்த 11ஆம் நூற்றாண்டுக் கடைசியில! இத்தாலியப் பேச்சு மொழி எழுத்துல கெடச்சதுல ரொம்பப் பழசுல அதுவும் ஒண்ணு.

மாளிகைன்னா வில்லா ஃபர்னெசினாவுக்குப் போகணும், அகோஸ்தினோ கிஜின்னு ஒரு பேங்கர் வீடு, ஓவியர் ரஃபேல் வரைஞ்ச கலாத்தேயாங்கிற கடல் தேவதை படம் சுவத்துலயே இருக்கு. கூரைல வரைஞ்ச காய்கனித் தோரணத்துல மக்காச்சோளத்தத் தேடிப் பாருங்க, அது அமெரிக்காவுலேர்ந்து வந்த பயிரு, கொலம்பஸ் அமெரிக்கா போயி முப்பது வருசம்கூட ஆகாத காலத்துல வரைஞ்சது.

அடுத்த பாகத்துல இந்த மாதிரி இடங்களப் பத்தி கண்டிப்பா எழுதுங்க, டூர் நடத்துறவங்களும் ஷாப்பிங்குக்குக் குடுக்குற நேரத்துல பாதிய இதுக்குக் குடுக்கட்டும். போறவங்களுக்கு ஒண்ணு, அங்க நெறைய சின்னக் கோவில்கள மதியம் பன்னெண்டு பன்னெண்டரைக்குப் பூட்டிருவாங்க, மூணு மணிக்கு மேலதான் தொறப்பாங்க, அதனால காலைலயே கெளம்பிருங்க, லைட்டுக்குச் சில்லறக் காசு கையில வச்சுக்கோங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தூத்துக்குடி