பழைய ஏர் ரைஃபிள் கைமாறும்போது அதனுடன் ஒரு தாளும் வரட்டும்: ரைஃபிள் கிளப்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு ரைஃபிள் கிளப்களின் மதிப்பிற்குரிய செயலாளர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

என் மகள் மூன்று ஆண்டுகளாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் (அடைத்த காற்றின் அழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) பிரிவில் பயிற்சி பெற்று வருகிறாள். முதல் ஓராண்டு கிளப்பின் பொது ரைஃபிளில்தான் சுட்டாள். அவள் வளர வளர அதன் கட்டை தோளுக்குப் பொருந்தாமல் போகவே, சொந்த ரைஃபிள் வாங்குவது நல்லது என்று பயிற்றுநர் சொன்னார். ஜெர்மனியில் செய்த புதிய போட்டி ரைஃபிளுக்கு எங்களிடம் 2,40,000 ரூபாய் கேட்டார்கள். அதே நிறுவனத்தின் முந்தைய மாடல், பழுதுபார்த்துப் புதுப்பித்தது, 1,10,000 ரூபாய்க்குக் கிடைத்தது. மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்திற்கு இதில் யோசிக்க அதிகம் இல்லை என்றே அன்று நினைத்தோம். எங்களுக்கு விற்றவர் தமக்கு முன்பு வைத்திருந்தவரின் சொல்லை நம்பி வாங்கியவர். அவரைக் குறைகூற இதை எழுதவில்லை. அவருக்கும் எங்களுக்கும் ஒருசேர இல்லாமல் போன ஒன்றைப் பற்றி, அந்த ரைஃபிளின் நிலையையும் பராமரிப்பையும் சொல்லும் ஒரு தாளைப் பற்றி எழுதுகிறேன்.

வாங்கிய நாளில் நாங்கள் பார்த்தவை கட்டையின் வண்ணம், குழலின் மெருகு, டயாப்டரின் (குறிபார்க்கும் துளைக் கருவி) திருகுகள் எளிதாகச் சுழல்கின்றனவா என்பது ஆகியவை மட்டுமே. கெடுவது அங்கே இல்லை என்பது எங்களுக்குத் தெரியாது. மென்மையான ஈயப் பெல்லட்டால் (சிறு குண்டால்) எஃகுக் குழல் எளிதில் தேய்வதில்லை. துடைக்கும் கம்பியை முரட்டுத்தனமாகச் செலுத்தி அதன் வாயைக் காயப்படுத்தாதவரை நெடுங்காலம் உழைக்கும். வயதாவது காற்றை அடைத்து வைக்கும் பாகங்களுக்குத்தான்: காற்று நிரப்பும் சிலிண்டர், அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர், கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையங்கள்.

முதலில் தொல்லை கொடுத்தது ரெகுலேட்டர். சிலிண்டரில் உள்ள 200 பார் அழுத்தத்தைக் குறைத்து, ஒவ்வொரு சுடுதலுக்கும் ஒரே அளவு காற்றைத் தருவது அதன் வேலை. உள்ளிருக்கும் அடைப்பு தேய்ந்துவிட்டால், ரைஃபிள் சும்மா இருக்கும் நேரத்தில் சிலிண்டரின் காற்று மெல்ல ரெகுலேட்டரைக் கடந்து கசிந்து, சுடுவதற்கான காற்றின் அழுத்தம் கூடும்; அடுத்து வரும் முதல் பெல்லட் வேகமாகப் பாயும். விநாடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் செல்ல வேண்டிய பெல்லட் 180 மீட்டர் வேகத்தில் சென்றால், 10 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் மேலே விழும். பத்தாம் வளையத்தின் புள்ளியே அரை மில்லிமீட்டர் அகலம்தான். தசமக் கணக்கில் கால் மில்லிமீட்டருக்கு 0.1 புள்ளி என்பதால், அந்த ஒரு சுடுதலில் முக்கால் புள்ளிக்கு மேல் போய்விடும். என் மகளுக்கு இதுதான் நடந்தது. ஓய்வெடுத்துவிட்டு வந்து சுடும் முதல் பெல்லட் ஒவ்வொரு முறையும் மேலே போயிற்று. பிழை அவளுடைய மூச்சில் இருப்பதாக எண்ணி நான்கு மாதங்கள் அதைத் திருத்தினார்கள். அவளும் தன்னையே நொந்துகொண்டு, இரவில் வீட்டுச் சுவரில் ஒட்டிய கரும்புள்ளியை நோக்கி வெறும் ரைஃபிளை ஏந்தி நின்று பழகினாள். வேறொரு கிளப்பைச் சேர்ந்த மூத்த வீரர் தம் குரோனோகிராஃபை (பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி) வைத்து இருபது பெல்லட்டுகளின் வேகத்தை அளந்து காட்டிய பிறகுதான் குற்றம் குழந்தையிடம் இல்லை என்று தெரிந்தது. செலவான பணத்தைவிட அந்த நான்கு மாதங்களே எனக்கு இன்றும் வலிக்கின்றன.

இரண்டாவது சிலிண்டர். போட்டி ஒன்றின் கருவிச் சோதனை மேசையில், சிலிண்டரில் பொறித்திருந்த காலக்கெடு முடிந்து பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டதைக் கண்டு, அதைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். அவர்கள் செய்தது சரியே. இத்தகைய சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பத்து ஆண்டு ஆயுளைக் குறிக்கிறார்கள். அது காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு என்று சர்வதேச விதியும் கூறுகிறது. அதே மாடல் வைத்திருந்த ஒரு பெண் தன் மாற்றுச் சிலிண்டரைக் கொடுத்ததால் என் மகள் அன்று சுட முடிந்தது.

சமையல் எரிவாயு உருளை வீட்டுக்கு வந்தால், கைப்பிடியின் உட்புறத் தகட்டில் ஏ, பி, சி, டி என்ற எழுத்தும் ஆண்டும் பார்த்து வாங்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஸ்கூட்டர் சக்கரத்தில் இருப்பதைப் போல நூறு மடங்கு அழுத்தத்தை, பிள்ளையின் தாங்கும் கைக்குச் சற்று முன்னால் வைத்திருக்கும் உருளைக்கு அந்தக் கவனத்தைக்கூட நாங்கள் காட்டவில்லை. ஈரம் உலராத காற்றைக் கைப்பம்பால் ஆண்டுக்கணக்கில் அடைத்திருந்தால் உள்ளே அரிப்பு ஏற்பட்டிருக்கலாம். வெளியே பூசிய புது வண்ணம் அதைச் சொல்லாது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். புதிய சிலிண்டருக்கு 28,000 ரூபாய், ரெகுலேட்டரையும் அடைப்புகளையும் மாற்ற 14,500 ரூபாய், வெளிமாநிலத்திலுள்ள பழுதுபார்ப்பவருக்கு அனுப்பித் திரும்பப் பெற 3,000 ரூபாய். ஆக, நாங்கள் மிச்சம் பிடித்ததாக எண்ணிய 1,30,000 ரூபாயில் 84,500 ரூபாய் உண்மையிலேயே மிச்சம். ஆகவே பழையதை வாங்காதீர்கள் என்று எந்தப் பெற்றோருக்கும் நான் சொல்லமாட்டேன். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக்கில் சுட்டதைப் பார்த்து ஆசைப்படும் பிள்ளைகள் எல்லாருடைய வீட்டிலும் புதிய ரைஃபிளுக்குப் பணம் இருக்காது. புது மாடலுக்கு மாறும் மூத்த வீரர்களின் ரைஃபிள்கள் இளையவர்களின் கைக்கு வருவது இந்த விளையாட்டுக்கு நல்லது. ஆனால் அந்த 45,500 ரூபாய்ச் செலவு வரப்போவது வாங்கும் நாளிலேயே தெரிந்திருந்தால் விலையைப் பேசியிருப்போம், பழுதை முதலிலேயே சரிசெய்திருப்போம்.

2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உடைய ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ரைஃபிளின் ஆற்றல் ஏறத்தாழ 7.5 ஜூல்தான் என்பதால் அந்தத் தளர்வு நியாயமானது. ஆயினும், உரிமம் வேண்டிய துப்பாக்கிக்கு இருப்பதுபோல் யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்ற பதிவு இதற்கு இல்லாமல் போவதால், மூன்றாவது கைக்கு வரும்போது அதன் வரலாறு முழுவதும் வாய்வழிச் செய்தியாகிவிடுகிறது. இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர்கள் நீங்கள்தான். விற்பவரும் வாங்குபவரும் சந்திப்பது பெரும்பாலும் உங்கள் ரேஞ்சில்தானே.

உறுப்பினர்களிடையே ரைஃபிள் கைமாறும்போது கிளப்பின் முத்திரையுடன் ஒரே ஒரு தாள் எழுதப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ரைஃபிளின் எண், சிலிண்டரின் எண், அதில் பொறித்த காலக்கெடு, கடைசியாக எப்போது யார் சர்வீஸ் செய்தார், எந்தப் பாகங்கள் மாற்றப்பட்டன என்பவற்றை விற்பவர் எழுதித் தரட்டும். இருபது பெல்லட்டுகளின் வேகத்தை, நடுவே கால்மணி நேரம் ரைஃபிளைச் சும்மா வைத்துவிட்டு, கிளப் அளந்து குறிக்கட்டும். ரைஃபிளை அசையாமல் நிறுத்தும் பிடிப்பானில் இறுக்கிப் பத்துப் பெல்லட் சுட்ட அட்டையையும் அதனுடன் இணைக்கலாம். புதிய போட்டி ரைஃபிளுடன் தொழிற்சாலை அனுப்பும் அட்டையும் இதைப் போன்றதே. இதற்கு வேண்டியவை ஒரு குரோனோகிராஃபும் ஒரு பிடிப்பானும் மூன்று மாதத்திற்கு ஒருமுறை அரை நாளும்தான்.

பின்னால் ரைஃபிள் பழுதானால் பழி கிளப்பின்மேல் வருமே என்று நீங்கள் தயங்கக்கூடும். அந்தத் தாள் உத்தரவாதம் அளிக்க வேண்டியதில்லை. அன்று அளந்தது இது, பொறித்திருந்த தேதி இது என்று மட்டும் சொன்னால் போதும். நேர்மையாகப் பராமரித்த விற்பனையாளருக்கு நல்ல விலை பெற்றுத் தருவதும் அந்தத் தாள்தான்.

ஒன்றை மட்டும் தாள் வரும்வரை காத்திராமல் நாளையே செய்யுங்கள். காலக்கெடு முடிந்த சிலிண்டர் யாருடையதாக இருந்தாலும், மாநில அணி வீரருடையதே ஆனாலும், உங்கள் பெரிய தொட்டியிலிருந்து அதற்குக் காற்று அடைக்காதீர்கள். வாடகைக்குக் கொடுக்கும் பொது ரைஃபிள்களின் சிலிண்டர்களை முதலில் பாருங்கள். முதல் நாள் பயிற்சிக்கு வரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்கப்படுபவை அவைதான்.

தாளின் மாதிரி ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். கேட்கும் கிளப்புக்கு அனுப்பித் தருகிறேன். நாங்கள் பின்னர் வாங்கிய குரோனோகிராஃபையும் எடுத்துக்கொண்டு, அளக்கும் நாளில் வந்து உட்கார என் மகளும் நானும் ஆயத்தமாக இருக்கிறோம்.

நன்றியுடன்,
ஒரு வீராங்கனையின் தாய்