கிறிஸ்துமஸ் விருந்தை மாலைக்கு வைத்துக்கொள்ளலாமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

டிசம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் பலகாரங்களைப் பற்றியும் பிரியாணி வகைகளைப் பற்றியும் நாளிதழ்களில் பக்கம் பக்கமாக எழுதப்படுகிறது. அந்த விருந்தை எந்த வேளையில் உண்பது, அந்த வேளையை வீட்டில் யார் முடிவு செய்வது என்பதைப் பற்றி எழுதுவோர் அரிது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில், 25ஆம் தேதி நண்பகல் ஒரு மணிக்கெல்லாம் இலை போட்டுவிட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாகவே இருந்துவருகிறது. இந்த ஆண்டிலிருந்தாவது அந்த விருந்தை அன்று மாலைக்கு மாற்றிக்கொள்வதைப் பற்றிக் குடும்பத்தார் கூடிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நண்பகல் விருந்துக்காக வீட்டுப் பெண்கள் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயங்களில் எங்கள் பக்கம் கிறிஸ்துமஸ் ஆராதனை அதிகாலை நான்கு மணிக்கோ ஐந்து மணிக்கோ தொடங்கிவிடும். அதற்குப் பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்டி, புத்தாடை உடுத்தி அழைத்துச் செல்ல வேண்டுமானால் தாய் இரண்டு மணிக்கெல்லாம் எழுந்தாக வேண்டும். கத்தோலிக்க வீடுகளிலோ நள்ளிரவுத் திருப்பலி முடிந்து, குடிலில் குழந்தை இயேசுவை வணங்கி, தெரிந்தவர்களுக்கெல்லாம் வாழ்த்துச் சொல்லிவிட்டு வீடு திரும்பிப் படுப்பதற்கே இரண்டு மணி ஆகிவிடும். எந்தச் சபையைச் சேர்ந்தவரானாலும் அன்றிரவு அவருக்கு முழு உறக்கம் கிடையாது. அதற்கு முந்தைய வாரம் முழுவதும் முறுக்கும் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் சுட்டு, 24ஆம் தேதி வீட்டைக் கழுவித் துடைத்து, இட்லிக்கு மாவாட்டி, மசாலாவும் அரைத்து வைத்து ஓய்ந்துபோன உடம்போடுதான் அவர் ஆலயத்துக்குப் புறப்படுகிறார்.

ஆலயத்திலிருந்து திரும்பியதும் இட்லியும் கறிக்குழம்புமாகக் காலை உணவைப் பரிமாற வேண்டும். அது முடிவதற்குள் பலகாரத் தட்டுகளை எடுத்துவைத்து அக்கம்பக்கத்து இந்து வீடுகளுக்கும் முஸ்லிம் வீடுகளுக்கும் கொடுத்தனுப்ப வேண்டும். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அவர்கள் தவறாமல் நமக்குச் செய்கிற மரியாதை அது, அதைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. வாழ்த்துச் சொல்ல வருகிறவர்களை உட்காரவைத்துக் கேக்கும் காப்பியும் கொடுக்க வேண்டும். இவற்றுக்கு நடுவே, நெரிசல் மிகுந்த கறிக்கடையிலிருந்து எட்டு மணிக்கோ ஒன்பது மணிக்கோ வந்து சேரும் ஆட்டுக்கறியை அலசி, சீரகச் சம்பா பிரியாணியையும் வறுவலையும் தயிர்ப் பச்சடியையும் ஒரு மணிக்குள் ஆயத்தம் செய்துவிட வேண்டும். வந்தவர்கள் எல்லாரும் பந்தி பந்தியாக உண்டு எழுந்த பிறகு, மூன்று மணிக்கு மேல் அவர் தம் இலைக்கு முன் உட்காரும்போது பசியே அடங்கிப் போயிருக்கும். பேசிச் சிரித்துக்கொண்டே உண்பதற்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஆண்டவர் பிறந்த நாளைக் கொண்டாடுகிற வீட்டில் உழைத்தவர் ஒருவருக்கு மட்டும் கொண்டாட்டம் இல்லாமல் போவதை இயல்பென்று நாம் ஏற்றுக்கொண்டிருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

நண்பகல் வேளைக்குச் சமய அடிப்படை ஏதேனும் இருக்குமானால் இந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பெத்லகேமுக்கு அருகே இரவில் மந்தையைக் காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்களுக்கு நற்செய்தி அறிவிக்கப்பட்டதை லூக்கா எழுதியிருக்கிறார். அந்தப் பிறப்பை எந்த வேளையில் விருந்துண்டு கொண்டாட வேண்டும் என்று நற்செய்தி நூல்கள் எதிலும் சொல்லப்படவில்லை. திருச்சபை உணவு வேளையில் தலையிட்டது நோன்பின் வழியாகத்தான். கத்தோலிக்கர்களுக்கு டிசம்பர் 24 ஒருசந்தியும் (ஒரு வேளை மட்டும் முழு உணவு) சுத்தபோசனமுமான (இறைச்சி விலக்கு) நாளாக இருந்தது. நன்மை, அதாவது திருப்பலியில் வழங்கப்படும் நற்கருணை அப்பம், வாங்குகிறவர்கள் நள்ளிரவு முதல் தண்ணீரும் அருந்தக் கூடாது என்ற ஒழுங்கும் நெடுங்காலம் இருந்தது. 1953இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், தண்ணீர் அருந்துவதால் நற்கருணை நோன்பு முறியாது என்று அறிவித்தார். 1957இல் திட உணவுக்கு மூன்று மணி நேர இடைவெளி போதும் என்றார். 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளின் கட்டாய நோன்பும் 1966இல் நீங்கியது. தென்னிந்தியத் திருச்சபை போன்ற சீர்திருத்தச் சபைகளில் இப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், பக்தியின் காரணமாக வெறும் வயிற்றோடு திருவிருந்தில் (நற்கருணையில்) பங்குபெறுகிறவர்கள் பலர் உண்டு. அவர்களுக்கும் அந்த நோன்பு விடியற்கால ஆராதனையோடு முடிந்துவிடுகிறது. நோன்பின் நேரத்தைத் திருச்சபையே பதினைந்து ஆண்டுகளுக்குள் இத்தனை முறை தளர்த்தியிருக்க, எந்தச் சட்டத்திலும் இல்லாத நண்பகல் ஒரு மணி என்ற வேளையை நாம் மட்டும் கட்டளையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

மற்ற நாடுகளில் இந்த நோன்பே விருந்தின் வேளையைத் தீர்மானித்தது. போலந்தில் 24ஆம் தேதி மாலை வானில் முதல் விண்மீன் தெரிந்த பிறகே குடும்பம் உணவுக்கு அமர்கிறது. மெல்லிய கோதுமை அப்பத்தைப் பிட்டு ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிய பின், பழைய சுத்தபோசன வழக்கப்படி இறைச்சி இல்லாமல் மீனும் காய்கறியுமாகப் பன்னிரண்டு வகை உணவுகளைப் பரிமாறுகிறார்கள். எதிர்பாராமல் வந்து நிற்கும் விருந்தினருக்காக மேசையில் ஓரிடத்தைக் காலியாக விட்டுவைக்கிறார்கள். பிரான்சில் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து உண்பது பழைய வழக்கம். பிலிப்பைன்ஸ் மக்கள் டிசம்பர் 16 முதல் ஒன்பது நாள் விடியற்காலைத் திருப்பலியில் பங்கேற்று, 24ஆம் தேதி நள்ளிரவில் விருந்துண்கிறார்கள். ஜெர்மனியில் பல வீடுகளில் 24ஆம் தேதி மாலை உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும் மட்டுமே உணவு. வாத்து இறைச்சியோடு கூடிய பெரிய விருந்து மறுநாளைக்குத்தான். ஆலயத்துக்குப் போகிற வேளையில் அடுப்படி வேலையைச் சுருக்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். எத்தியோப்பியாவில் நாற்பத்து மூன்று நாள் நோன்பிருந்து ஜனவரி 7ஆம் தேதி இறைச்சி உண்கிறார்கள். அவ்வளவு தொலைவு போவானேன், அண்டை மாநிலமான கேரளத்தில் இருபத்தைந்து நாள் நோன்பிருக்கும் சிரியன் கிறிஸ்தவர்கள் ஆராதனைக்குப் பிறகு அப்பமும் இஸ்டூவும் உண்டு நோன்பை முடிக்கிறார்கள்.

ஆங்கிலேயரின் பகல் விருந்தைச் சிலர் முன்மாதிரியாகக் காட்டக்கூடும். அங்கே பல வீடுகளில் பிற்பகல் மூன்று மணிக்குள் உண்டு முடித்துவிட்டு மன்னரின் கிறிஸ்துமஸ் உரையைக் கேட்க உட்கார்வார்கள். 1932இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முதன்முதலாக வானொலியில் பேசியபோது, சிற்றலை வழியாகப் பேரரசின் நாடுகளுள் பெரும்பாலானவற்றை எட்டுவதற்கு ஏற்ற நேரம் என்பதாலேயே மூன்று மணியைத் தேர்ந்தெடுத்தார்கள். வானொலி அலைவரிசையின் வசதிக்கேற்ப ஒரு நாட்டாரின் பண்டிகைப் பிற்பகல் அமைய முடிந்தது என்றால், சமைக்கிறவரின் வசதிக்கேற்ப நம் பண்டிகைப் பொழுது அமைவதில் என்ன தடை இருக்க முடியும்?

வேலைக்குப் போகிறவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 25ஆம் தேதி அரசு விடுமுறை நாளானாலும் மருத்துவமனைச் செவிலியர்களும் காவலர்களும் பேருந்து ஓட்டுநர்களும் நடத்துநர்களும் மின்வாரியத் தொழிலாளர்களும் அன்றும் பணியில் இருக்கிறார்கள். பகல் பணி முடிந்து வருகிற மகளுக்குத் தனியாக எடுத்து மூடிவைத்த ஆறிய சோற்றைக் கொடுப்பதைவிட, அவள் வரும்வரை காத்திருந்து எல்லாரும் ஒன்றாக உண்பதல்லவா பண்டிகை? சென்னையிலிருந்து 24ஆம் தேதி இரவு எழும்பூரில் ரயிலேறுகிற பிள்ளைகள் மறுநாள் காலையில்தான் நெல்லையில் வந்து இறங்குகிறார்கள்; அவர்களுக்கும் குளித்து, ஆலயத்துக்குப் போய்வந்து, சற்று இளைப்பாற நேரம் வேண்டும். அன்றிரவே திரும்பிப் போக வேண்டியவர்கள் இருக்கும் வீடுகளில் ஐந்து மணிக்கே இலை போட்டுவிடலாம்.

ஒரு மணிக்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தால் ஆலயத்துக்குப் போகும் முன்பே, இரவு இரண்டு மணிக்கே பிரியாணியைச் சமைத்து இறக்கிவைக்கும் வீடுகளும் உண்டு. அதிகாலையிலேயே பக்கெட் பிரியாணியை வாங்கிவைப்போரும் உண்டு. இது ஆபத்தானது. சமைத்த சோறும் இறைச்சியும் 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறிய பின் அறை வெப்பத்தில் மணிக்கணக்காக இருந்தால் அவற்றில் கிருமிகள் பெருகும். சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் சமையல் சூட்டிலும் பிழைத்திருக்கக்கூடியவை. வாந்தியை உண்டாக்கும் அதன் நச்சு மறுபடி சூடாக்கினாலும் நீங்காது. குழந்தைகளும் முதியவர்களும் கூடி உண்கிற பந்தியில் இப்படிப்பட்ட உணவைப் பரிமாறுவதை எவரும் விரும்ப மாட்டார்கள். பிற்பகலில் நிதானமாகச் சமைத்துச் சூடாகப் பரிமாறினால் இந்தக் கவலை இல்லை.

மாலை விருந்து என்றதும் வீட்டுப் பெரியவர்கள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்கிறவர்களைப் பட்டினி போட முடியாது. அவர்களுக்கு நேரம் கழித்து உண்ணும் கனத்த உணவும் ஒத்துக்கொள்ளாது. ஆகவே இரவு ஒன்பது மணி விருந்தை நான் சொல்லவில்லை. ஆறு மணியளவில் பந்தி தொடங்கினால் போதும். நண்பகலுக்கு ரசமும் சோறும் அப்பளமும், அல்லது காலையில் மிஞ்சிய குழம்போடு நாலைந்து இட்லி என்று எளிமையாக முடித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இந்த முறைக்கு மாறிய பிறகு, காலை உணவு முடிந்ததும் வீட்டிலுள்ள எல்லாரும் சற்று உறங்கி எழுகிறோம். பிற்பகலில் வெங்காயம் உரிப்பதிலிருந்து தம் போடுவதுவரை ஆண்களும் கூடவே நிற்கிறார்கள். ஆராதனையில் கேட்ட பிரசங்கத்தைப் பற்றிக்கூட அன்று நாங்கள் பேச முடிகிறது. முன்பெல்லாம் எனக்கு அதில் பாதி கண்ணயர்விலேயே போய்விடும்.

ஆண்கள் சமையலில் கைகொடுப்பது நம் சபைகளுக்குப் புதிதும் அன்று. ஆலயப் பண்டிகைகளின்போது நடக்கும் அசனத்தில் (சபையாரின் பொது விருந்தில்), அண்டா அண்டாவாகச் சோறு வடிப்பதும் குழம்பு கிளறுவதும் வாளி தூக்கிப் பரிமாறுவதும் பெரும்பாலும் ஆண்கள்தாம். ஊருக்கே சமைக்கத் தெரிந்த அந்தக் கைகள் கிறிஸ்துமஸ் அன்று தம் வீட்டு அடுப்படியில் மட்டும் காணாமல் போவதற்குக் காரணம், ஆலயத்திலிருந்து வந்தது முதல் ஒரு மணிவரை அவர்கள் வாழ்த்துச் சொல்ல வெளியே போய்விடுவதுதான். விருந்து மாலையில் என்றால் இந்தச் சாக்கும் இருக்காது.

குருவானவர்களுக்கும் பங்குத்தந்தையர்க்கும் என் வேண்டுகோள் இது: கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரங்களை அறிவிக்கும்போது, விருந்து வேளையை வீட்டில் சமைக்கிறவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லுங்கள். பீடத்திலிருந்து வருகிற சொல்லுக்கு வீட்டுப் பெரியவர்கள் செவிகொடுப்பார்கள். 25ஆம் தேதி மாலையில் சபை நிகழ்ச்சிகளோ போட்டிகளோ வைக்காமல் அந்தப் பொழுதைக் குடும்பங்களுக்கு விட்டுத்தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழும் இந்த ஆண்டு கிறிஸ்துமஸ் சமையல் குறிப்புகளை வெளியிடும்போது, முந்தைய நாளே செய்துவைக்கக் கூடியவை எவை, பிற்பகலில் இரண்டு மணி நேரத்துக்குள் பலர் சேர்ந்து முடிக்கக் கூடியவை எவை என்று பிரித்துக் காட்டினால் மாலை விருந்துக்கு மாற விரும்பும் குடும்பங்களுக்கு உதவியாக இருக்கும். அந்தக் குறிப்புகள் டிசம்பர் இரண்டாம் வாரத்திலேயே வெளிவந்தால் சாமான்கள் வாங்குவதற்கும் அவகாசம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை.