மொட்டைமாடி சோலார் பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் குழுவின் விளக்கம்

மொட்டைமாடியில் சோலார் பேனல் வைக்கும் வேலை முடிந்துவிட்டது. இன்வெர்ட்டர், எர்த்திங், கேபிள் எல்லாம் பேசியபடியே நடந்தன. இனிப் பேச வேண்டியது கூடுதலான செலவைப் பற்றித்தான்.

"தளத்தில் துளை போட்டு போல்ட் இறக்கியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்குமா?" என்று பலர் கேட்டீர்கள். ஆகியிருக்காது, உண்மைதான். ஆனால் ஒழுகிய தளத்துக்கு எல்லோரும் பணம் போட்டு வாட்டர்ப்ரூஃபிங் செய்துவிட்டு, அதிலேயே பேனல்களைத் தாங்கும் சட்டகத்தின் ஒவ்வொரு காலுக்கும் துளை போட்டால் வாரண்டி அன்றோடு போய்விடும், துளையைச் சுற்றிப் பூசிய சீலன்ட் வெயிலில் விரிசல் விட்டால் மேல்மாடி வீட்டில்தான் முதலில் சொட்டும். அதனால்தான் கான்கிரீட் கட்டைகளின் பாரத்தாலேயே சட்டகத்தை நிறுத்துவது என்று முடிவெடுத்தோம். இன்றும் அதையேதான் செய்வோம்.

தகராறு ஒப்பந்தக்காரரோடு வந்தது. எல்லா வரிசைக்கும் ஒரே கணக்கில் கட்டையை அடுக்கிவிட்டு பில்லை நீட்டினார். காற்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தூக்காது; மாடியின் ஓரத்திலும் மூலையிலும்தான் இழுப்பு அதிகம், வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். எங்கள் பொறியாளர் இதைச் சொன்னதும், கூடுதல் கட்டைக்குக் கூடுதல் பணம் என்றார் ஒப்பந்தக்காரர். வடிவமைப்பே உங்களுடையதுதானே என்று விடாமல் கேட்ட பிறகுதான் பாதிச் செலவை ஏற்றுக்கொண்டார். இஷ்டத்துக்கு அடுக்கவும் முடியாது, 40×20×20 செ.மீ. கட்டை ஒன்றே சுமார் 38 கிலோ, தளம் தாங்க வேண்டும் இல்லையா? அதனால் மூலைப் பேனல்களை உள்ளே தள்ளி, காற்றுப் பிடிப்பு குறைய பேனல்களின் சாய்வை 10 டிகிரிக்குக் குறைத்தோம். உற்பத்தி கொஞ்சம் குறையும்தான், ஆனால் கட்டைகளும் குறைந்தன.

இன்னொன்று, இரும்புக் காலை அப்படியே தளத்தில் வைத்திருந்தார். ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சில் விரல் நீளத்துக்குக் கீறல். அதைப் பூசி, எல்லாக் காலுக்கும் ரப்பர் மெத்தை போட வைத்தோம், மழைநீர் தேங்காமல் வடிகுழாய்க்கு ஓட இடைவெளியும் விட்டு.

முன்பணம் தந்த தரைத்தள மருத்துவர் குடும்பம், கட்டைகளுக்கான பங்கை முழுதாக ஏற்ற முதல் மாடி ஆசிரியர் தம்பதி, ரப்பர் மெத்தை வாங்கித்தந்த கடைசி வீட்டு அண்ணன், கட்டணமின்றிக் கணக்குப் போட்டுத்தந்த பொறியாளர், சிறுசிறு தொகையாகக் கொடுத்த இரண்டாம் மாடி வீட்டார் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பில்கள் பொருளாளரிடம் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். துணி காயப்போட இடம் வேண்டும் என்று ஒரு கட்டையைக்கூட நகர்த்தாதீர்கள். முதல் பெருங்காற்று அடித்து ஓய்ந்ததும் சட்டகம் நகர்ந்திருக்கிறதா என்று பொறியாளரோடு போய்ப் பார்ப்போம், வர விரும்புகிறவர்கள் வரலாம்.