பட்டாணிய பத்திரமா கொண்டுவந்து சேத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில செல்லூர்ல இருந்து திருநகருக்கு வீடு மாறி ஒரு மாசம் ஆச்சு, சாமான் பாதி இன்னும் மூட்டையாத்தான் கிடக்கு, ஆனா எங்க பட்டாணி இப்ப ஜன்னல் திண்டுல வெயில் காஞ்சுக்கிட்டு படுத்திருக்கா, அவளப் பாத்துக்கிட்டே இருந்தப்ப இத இன்னைக்கே எழுதிரணும்னு தோணுச்சு.

பட்டாணி எங்க ஆறு வயசு பூனை. வீடு தேடுறப்ப ஒரு இடத்துல வாடகை அட்வான்ஸ் எல்லாம் பேசி முடிச்சப்புறம் பூனை இருக்குன்னு தெரிஞ்சதும் வேணாம்னுட்டாங்க. "பூனை வீட்டத்தான் தேடும், ஆள தேடாது, இங்கயே விட்டுட்டு போங்க"ன்னு சொந்தக்காரங்களே சொன்னாங்க, எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. அந்த நேரத்துல இப்ப இருக்குற வீட்டு ஓனர் அத்தை, நான் போன்ல தயங்கித் தயங்கி சொன்னதும் "அதுக்கென்னத்தா, அதுவும் வரட்டும்"னாங்க. அத்தை, ஆவணியில பால் காய்ச்சுனப்ப நீங்களே பட்டாணிக்குன்னு நெத்திலி வாங்கிட்டு வந்தீங்க, அத நான் மறக்கமாட்டேன்.

அடுத்து தல்லாகுளம் அரசு கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா. அவ்வளவு கூட்டத்துலயும் பொறுமையா கேட்டு, வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டுவிட்டு, கிளம்புறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடியே சாப்பாட்ட நிறுத்திருங்க தண்ணி மட்டும் குடுங்கன்னு சொன்னாங்க. தூங்க ஒரு மாத்திரை குடுத்துரலாமான்னு கேட்டேன், பதறிட்டாங்க. மனுஷங்க மாத்திரை எதையும் நீங்களா குடுக்கக்கூடாது, பாரசிட்டமால் கூட பூனைக்கு விஷம்னாங்க. எனக்கு அது அன்னைக்குத்தான் தெரியும்.

மேல்வீட்டு அக்கா, பட்டாணிய தூக்கிட்டுப் போற கூடைய ரெண்டு வாரம் முன்னாடியே திறந்து ஹால்ல வைக்கச் சொன்னது நீங்கதான். துவைக்காத என் பழைய காட்டன் சேலைய உள்ள விரிச்சு வச்சேன், மூணு நாள் அந்தப் பக்கமே எட்டிப் பாக்கல, நாலாவது நாள் கருவாட்டுத் தலைய வச்சதும் உள்ள போனவ, அப்புறம் அதுலயேதான் தூங்குனா.

சாமான் ஏத்துற அன்னைக்கு நடந்தத நினைச்சா இப்பவும் கை நடுங்குது. பட்டாணிய பாத்ரூம்ல விட்டு கதவுல "திறக்காதீங்க"ன்னு பேப்பர் ஒட்டியிருந்தோம், உதவிக்கு வந்த யாரோ கை கழுவ திறந்துட்டாங்க, அவ்வளவுதான், ஆள காணோம். நான் தெருவுக்கு ஓடுறேன், சின்னவ அழுகுறா, குட்டியானை வண்டி வாசல்ல நிக்குது. அப்ப லோடு அண்ணே, நீங்கதான் "சாமான கீழ வைங்கடா, முதல்ல வாசக்கதவ சாத்துங்க"ன்னீங்க. அனுப்பானடியில உங்களுக்கு அடுத்த லோடு இருந்துச்சு. "வாயில்லா ஜீவன விட்டுட்டு வண்டிய எப்படிம்மா எடுக்குறது"ன்னு நாலு பேரும் ஒன்றரை மணி நேரம் கட்டில் அடி, பீரோ பின்னாடின்னு தேடுனீங்க. பரண்ல இருந்த எங்க அப்பத்தாவோட பித்தளை அண்டாவ லேசா நகட்டிப் பாத்துட்டு "வெறும் அண்டா இம்புட்டு கனக்காதே"ன்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு. உள்ள இருட்டுல ரெண்டு கண்ணு. தலையில கட்டியிருந்த துண்ட அவுத்து அண்டா வாய மூடி, சாய்க்காம அப்படியே ஏணியில இறங்குனீங்க. கூடைக்குள்ள விடுறப்ப அவ மிரண்டு கீறிட்டா, மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் செவப்பா ஒரு கோடு, நீங்க வாயத் திறக்கல. எங்க வீட்டுக்காரர் சோப்பு போட்டு கழுவிவிட்டு, விடாம பெரியாஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனதால ஊசியாவது போட்டுக்கிட்டீங்க. கூலி கூட ஒத்த ரூபா ஏத்திக் கேக்கல.

ஆட்டோ அண்ணே, ரெண்டு பக்கமும் படுதாவ இறக்கிவிட்டு, பாட்ட நிறுத்திட்டு, ஹாரனே அடிக்காம ஓட்டுனீங்க. பழங்காநத்தம் தாண்டுனதும் அவ நாய் மாதிரி வாயத் திறந்து மூச்சு வாங்குனா, பூனை அப்படி இளைச்சா ஆபத்துன்னு டாக்டரம்மா சொல்லியிருந்ததால நான் கத்திட்டேன். நீங்க பசுமலைகிட்ட மர நிழல்ல ஓரங்கட்டி, உங்க பாட்டில் தண்ணியிலயே துணிய நனைச்சுக் குடுத்தீங்க. பாதத்துலயும் காதுலயும் ஒத்தி ஒத்தி எடுத்து, மூச்சு சீரான பிறகுதான் வண்டிய எடுத்தீங்க.

இங்க வந்து முதல் வாரம் ஒரே ரூம்லதான் வச்சிருந்தோம். மெல்லிய துணியால அவ கன்னத்த தடவி, அத நிலைக்கதவுலயும் கட்டில் கால்லயும் அவ உயரத்துக்கு தேய்ச்சு விடுன்னு போன்ல சொன்னதும் மேல்வீட்டு அக்காதான். கன்னத்த உரசித்தான பூனைங்க தன் இடம்னு வாசம் வைக்கும். ரெண்டு நாள்ல கட்டிலுக்கு அடியில இருந்து வெளிய வந்துட்டா. பக்கத்து வீட்டு பசங்களா, மூணு வாரம் கேட்ட சாத்திச் சாத்தி வச்சதுக்கு உங்களுக்கும் நன்றிடா தங்கங்களா. போன வாரம்தான் பசியோட வெளிய விட்டோம், கிண்ணத்த தட்டுனதும் மதில் மேல இருந்து ஓடியாந்துட்டா.

லோடு அண்ணே, அந்த அண்டாவ இன்னும் பரண்ல ஏத்தல. சேலைய விரிச்சு ஹால் மூலையிலயே வச்சிருக்கோம், மத்தியானம் அவ தூக்கம் அதுலதான். திருநகர் மூணாவது ஸ்டாப் பக்கம் லோடு வந்தா அவசியம் வீட்டுக்கு வாங்க, நாலு பேரும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.