யூரேசியா கோப்பையை எங்கே வைத்தீர்கள்? இரண்டு டூர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஆசியாவின் தொழில்முறை கோல்ஃப் போட்டிகளை நடத்தும் ஏஷியன் டூர், ஐரோப்பாவின் டிபி வேர்ல்டு டூர் நிர்வாகத்தில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

ஆசிய அணியும் ஐரோப்பிய அணியும் மோதிய யூரேசியா கோப்பையின் கதை உங்களுக்கே தெரியும், நான் முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. 2014, 2016, 2018 என்று மூன்று முறை மலேசியாவில் எங்கள் ஷா ஆலாம் கிளென்மேரி மைதானத்தில் நடத்தினீர்கள், அதோடு சரி. கேட்க வந்தது ஒன்றுதான்: அதை மறுபடி நடத்துங்கள். 2027 செப்டம்பரில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பை அயர்லாந்தின் அடேர் மேனரில் நடக்க இருக்கிறது, அந்த வருடம் ஜனவரியில் வைத்தால் ஐரோப்பாவுக்கும் பயிற்சி, எங்களுக்கும் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கும்.

இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் இந்தக் கூச்சல் என்றால், 2025 செப்டம்பரில் நியூயார்க் பெத்பேஜில் ரைடர் கோப்பையை ஐரோப்பா 15-13 என்று ஜெயித்ததைப் பார்த்த பிறகு வந்த கோபம் இது. ஜெயித்ததில் எனக்கு வருத்தம் இல்லை, அந்த அமெரிக்கக் கூட்டத்தின் வசவுக்கு நடுவே ஜெயித்தது பெரிய விஷயம். ஆனால் அந்த வெற்றிக்கான தயாரிப்பு எங்கே ஆரம்பித்தது என்று பின்னோக்கிப் பார்த்தால், அதே வருடம் ஜனவரியில் அபுதாபியில் நடந்த டீம் கோப்பை வருகிறது. அதற்கு முன்னால் 2023 ஜனவரியில், அதே அபுதாபியில், ஹீரோ கோப்பை. இரண்டிலும் ஒரு பக்கம் பிரிட்டனும் அயர்லாந்தும், மறுபக்கம் மீதி ஐரோப்பா. அதே ஜனவரி, அதே மூன்று நாள், அதே ஃபோர்பால் (ஜோடியில் ஆளுக்கொரு பந்து), ஃபோர்சம்ஸ் (ஜோடிக்கு ஒரே பந்து), சிங்கிள்ஸ் (ஒற்றைக்கு ஒற்றை). ஆசியா மட்டும் இல்லை. ஆசியாவின் ஆட்டத்தை எடுத்து ஆசிய மண்ணிலேயே நடத்தி, ஆசியர்களை வெளியே நிறுத்திய திறமைக்கு ஒரு கோப்பை தனியாகக் கொடுக்கலாம்.

நாங்கள் ஐரோப்பாவுக்கு ஒத்திகைக் கூடமாக இருந்தோம் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. 2016-இல் டேரன் கிளார்க் கேப்டனாக வந்தார், அந்த வருடமே அமெரிக்காவின் ஹேசல்டைனில் ரைடர் கோப்பைக்கும் அவர்தான் கேப்டன். 2018-இல் தாமஸ் பியோர்ன், செப்டம்பரில் பாரிஸிலும் அவரே. வீரர்களைப் பார்த்து, ஜோடி சேர்த்து, யாருக்கு யார் ஒத்துவருவார்கள் என்று சோதித்துவிட்டுப் போனார்கள். போகட்டும், அதில் எங்களுக்கும் லாபம் இருந்தது.

அந்த லாபம் என்ன என்பதை ஒரு ஆளை வைத்துச் சொல்கிறேன். 2015 அக்டோபர், தென்கொரியாவின் இஞ்சியோன், அமெரிக்காவும் ஐரோப்பா நீங்கலான சர்வதேச அணியும் மோதும் பிரசிடென்ட்ஸ் கோப்பையின் கடைசி நாள். இந்தியாவின் அனிர்பான் லாஹிரிக்கு எதிரே அமெரிக்காவின் கிறிஸ் கிர்க். கடைசியான பதினெட்டாவது கிரீனில் கிர்க் தூரத்திலிருந்து ஒரு பட் (குழியை நோக்கி உருட்டும் அடி) அடித்துக் குழிக்குள் போட்டுவிட்டார். லாஹிரிக்கு மிஞ்சியது சின்னப் பட், நாலடி இருக்கும், போட்டால் ஆட்டம் சமன். பந்து குழியின் விளிம்பைத் தொட்டுவிட்டு வெளியே போனது. அமெரிக்கா 15.5, சர்வதேச அணி 14.5 என்று முடிந்தது. அந்த அரைப் புள்ளி இருந்தால் 15-15 என்று யாரும் கணக்குப் போடுவார்கள், லாஹிரி எத்தனை இரவு போட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது.

வாராவாரம் தனியாக ஆடுகிறவருக்கு ஒரு பட் தவறினால் அது அவருடைய ஸ்கோர், அவருடைய பணம். அணிக்காக ஆடும்போது பக்கத்தில் பதினொரு பேர் நிற்கிறார்கள், ஃபோர்சம்ஸில் நீங்கள் அடித்த பந்தை அடுத்து உங்கள் கூட்டாளிதான் அடிக்க வேண்டும், நீங்கள் மரத்தடிக்கு அனுப்பினால் அவர்தான் அங்கே போய் நிற்க வேண்டும். அந்தப் பாரம் எப்படி இருக்கும் என்பதை, தனியாக ஆடி மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளே ஆடிக் கற்றுக்கொள்ள முடியாது. லாஹிரிக்கு மூன்று மாதத்தில் கிளென்மேரியில் மறுபடி அந்த வாய்ப்புக் கிடைத்தது, 2018-இலும் கிடைத்தது. இன்றைக்கு ஏஷியன் டூரில் ஆடும் இருபத்திரண்டு வயது தாய்லாந்துப் பையனுக்கோ இந்தியப் பையனுக்கோ அது எங்கே கிடைக்கும்? பிரசிடென்ட்ஸ் கோப்பை இருக்கிறதே என்பீர்கள். 2024 மான்ட்ரியால் அணியில் இருந்த ஆசியர்கள் ஐந்து பேர், நாலு பேர் கொரியா, ஒருவர் ஜப்பான். தென்கிழக்காசியாவிலிருந்தும் தெற்காசியாவிலிருந்தும் ஒருவர் கூட இல்லை. அமெச்சூர்களுக்காவது ஐரோப்பாவோடு மோத போனலாக் கோப்பை என்று ஒன்று இருக்கிறது. தொழில்முறைக்கு வந்தவுடன் அந்தக் கதவும் மூடிவிடுகிறது.

ஆசியா சரிசமமாக ஆடுவதில்லை, 2016-இல் 18.5-5.5 என்று உதை வாங்கியது என்று யாராவது சொன்னால், ரைடர் கோப்பையின் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டச் சொல்லுங்கள். 1927 முதல் 1977 வரை இருபத்திரண்டு போட்டிகள், பிரிட்டன் பக்கம் ஜெயித்தது மூன்றே மூன்று, ஒன்று சமன், மீதி எல்லாம் அமெரிக்கா. ஐம்பது வருடம் தோற்றார்கள். யாரும் கடையைச் சாத்தவில்லை. 1979-இல் ஐரோப்பாவையும் சேர்த்துக்கொண்டார்கள், 1985-இல் இங்கிலாந்தின் பெல்ஃப்ரியில் ஜெயித்தார்கள், இன்றைக்கு அது எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்று நான் சொல்ல வேண்டாம். எங்களுக்கு மட்டும் மூன்று வாய்ப்போடு தீர்ப்பா? அதிலும் 2014-இல் முதல் நாள் 0-5 என்று விழுந்த அணி கடைசியில் 10-10 என்று சமன் செய்தது. 2018-இல் முதல் நாள் முடிவில் ஆசியா 3.5-2.5 என்று முன்னணியில் இருந்தது, கடைசியில் தோற்றது 14-10, அவமானப்படுகிற ஸ்கோர் இல்லை. ஸ்பெயின் வீரர் செவே பாலஸ்டரோஸ் முன்னின்று தொடங்கிய, இதே போல ஆசியாவும் ஐரோப்பாவும் மோதிய ராயல் டிராஃபியில் ஆசியா இரண்டு முறை ஜெயித்தே இருக்கிறது. அதுவும் 2013-க்குப் பிறகு இல்லை.

கொரோனாவைக் காரணம் சொல்லாதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்றால் அடுத்தது 2020 ஜனவரி, அப்போது உலகம் முழுக்க மைதானங்கள் திறந்துதான் இருந்தன. 2021 கடைசியில் சவுதிப் பணம் ஏஷியன் டூர் பக்கம் வந்ததும் இரண்டு டூர்களும் முகம் கொடுத்துப் பேசாமல் போனது அப்புறம் நடந்த கதை. பெரியவர்கள் சண்டை, நாங்கள் தலையிடவில்லை. இப்போது டீம் கோல்ஃப் என்றாலே நாடும் கிடையாது கண்டமும் கிடையாது, சவுதிப் பணத்தில் நடக்கும் லிவ் கோல்ஃபில் ஃபயர்பால்ஸ், கிரஷர்ஸ், மெஜஸ்டிக்ஸ் என்று நாலு நாலு பேர், அதற்கு ஒரு சட்டை, ஒரு தொப்பி, தொப்பிக்கு ஒரு விலை. எந்த ஊர்க்காரன் எதற்காகக் கை தட்டுவான் என்று யாராவது யோசித்தார்களா?

எம். ராமையா, பி. குணசேகரன் என்று மலேசிய கோல்ஃபில் எங்கள் தமிழ்ப் பெயர்களைக் கேட்டு வளர்ந்தவன் நான். 2016-இல் எங்கள் மலேசியாவின் டேனி சியாவும் 2018-இல் கேவின் கிரீனும் எங்கள் மண்ணில் எங்கள் கூட்டத்துக்கு முன்னால் ஐரோப்பாவின் பெரிய ஆட்களோடு நேருக்கு நேர் ஆடியதைப் பார்க்க முடிந்ததே, அது வேறு எந்தப் போட்டியில் கிடைக்கும்?

சரி, கோபம் போதும். தாழ்மையுடன் கேட்கிறேன்: யூரேசியா கோப்பையை மறுபடி நடத்துங்கள். கிளென்மேரிதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லை, பாங்காக்கிலோ டில்லியிலோ வைத்தாலும் சரி, அபுதாபியில் வைத்தாலும் கூட சரி, ஆசியாவைச் சேர்த்து வைத்தால் போதும். பன்னிரண்டு பேர் முடியாதென்றால் 2014 போலப் பத்துப் பேர் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தரப்பும் ஒரு மேசையில் உட்கார மனமில்லை என்றால் அதையாவது நாலு வரி அறிக்கையாகப் போடுங்கள், தேதி வரும் வரும் என்று ஒவ்வொரு ஜனவரியும் காத்திருப்பவர்கள் வேறு வேலை பார்க்கப் போகிறோம்.

இப்படிக்கு,
கிளாங்கிலிருந்து ஒரு கோல்ஃப் ரசிகன்